ஊர் கேட்ட கேள்விகள்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அரை நூற்றாண்டு

1974 ஒக்டோபர் 6ஆம் திகதி அன்றைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க திருநெல்வேலிக்கு வந்து யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்து வைத்தார். தமிழ்க் கட்சிகள் அந்த விழாவைப் புறக்கணித்தன. தரப்படுத்தல் தங்கள் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாசலை அடைத்துவிட்டது என்ற கொதிப்பு ஊரில் இருந்தது. அதே ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை ஒட்டிக் கூடிய மக்கள் மீது பொலிசார் பாய்ந்ததில் உயிர்கள் போன துயரமும் ஆறியிருக்கவில்லை. போதாததற்கு, தமிழரசுக் கட்சி நெடுங்காலம் கேட்டுவந்தது திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம். கிடைத்ததோ இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆறாவது வளாகம்.

இப்படிப் பாதி மனத்தோடு வரவேற்கப்பட்ட ஒரு நிறுவனம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஊரின் உயிர்நாடியாக மாறியது எப்படி? பிறகு எந்தெந்த இடங்களில் ஊரை விட்டு விலகியது? பிரதேசப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயன் என்ன என்ற பொதுக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தைப் போல விளக்கமான எடுத்துக்காட்டு தென்னாசியாவில் அதிகம் இல்லை. ஐம்பது ஆண்டுகளில் அங்கே நடந்தவற்றைத் தொகுத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இது: நின்று நிலைத்தவை எல்லாம் ஊரிலிருந்து எழுந்த கேள்விக்கு விடை தேடிப் போனவை. அந்தக் கேள்விகளைக் கேட்கப் பயந்த இடங்களில் அது பட்டம் வழங்கும் கட்டடமாகச் சுருங்கியது.

கட்டடமும் புதிதாகக் கட்டியதில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்தான் வளாகம் குடியேறியது. அவர் எழுப்பிய சிவன் கோயில் இன்றும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. விஞ்ஞான பீடத்துக்கு இடம் கொடுத்தது வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி. ஆக, சைவப் பெரியார் ஒருவரின் பள்ளிக்கூடமும் அமெரிக்க மிஷனரிகளின் வழிவந்த கல்லூரியும் சேர்ந்து தூக்கி நிறுத்திய வளாகம் இது. அதற்கு முதல் தலைவராக வந்தவரோ மார்க்சியர். க. கைலாசபதிக்கு அப்போது வயது 41. அதற்கு முன் ‘தினகரன்’ ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறை எழுத்தாளரை வளர்த்தவர். பழந்தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1968இலேயே ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்திருந்தது. வரலாற்றுக்குக் கா. இந்திரபாலா, மொழியியலுக்கு எம்.ஏ. நுஃமான், சற்றுப் பின்னால் தமிழுக்கும் நுண்கலைக்கும் கார்த்திகேசு சிவத்தம்பி என்று அவர் காலத்திலும் அதை அடுத்தும் வந்து சேர்ந்தவர்களின் வரிசையைப் பார்த்தால், எந்தத் தலைநகரப் பல்கலைக்கழகமும் பொறாமைப்படும்.

முதல் மூன்று ஆண்டுகளில் சிங்கள மாணவரும் இங்கே படித்தார்கள். சிங்கள இலக்கிய விமர்சகர் சுசரித கம்லத் இங்கே கற்பித்தார். 1977 ஓகஸ்ட் கலவரத்தோடு சிங்கள மாணவர் வெளியேறினர். அதன்பின் நெடுங்காலத்துக்கு இது ஓரினப் பல்கலைக்கழகமாகவே இயங்கியது. 1979 ஜனவரி 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். முதல் துணைவேந்தர் சு. வித்தியானந்தன்.

வரலாற்றுத் துறையிலிருந்து தொடங்கலாம். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தவரிடம் இருந்த தீராத கேள்வி, ‘நாங்கள் எப்போதிருந்து இங்கே இருக்கிறோம்?’ என்பது. மேடைப் பேச்சாளர்களிடம் அதற்குச் சுடச்சுட விடை இருந்தது. இந்திரபாலாவும் அவருடைய மாணவர் பொ. இரகுபதியும் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். யாழ் நகருக்கு வடமேற்கே சில மைல் தள்ளியிருக்கும் ஆனைக்கோட்டையில் 1980 முடிவில் நடந்த அகழாய்வில் பெருங்கற்காலப் பண்பாட்டு ஈமப் புதைகுழிகள் வெளிப்பட்டன. கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களோடு ஒரு எலும்புக்கூட்டின் அருகே சிறிய உலோக முத்திரையும் கிடைத்தது. அதில் இரண்டு வரிகள்: மேலே மட்பாண்டக் கீறல்களில் காணும் வகைக் குறியீடுகள், கீழே பிராமி எழுத்துகள். ‘கோவேத’ என்று அதைப் படித்தார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் குடாநாட்டில் ஒரு தலைவன் முத்திரை வைத்திருந்தான் என்பது மேடைப் பேச்சை விடக் கனமான செய்தி. இரகுபதி குடாநாடு முழுவதும் அலைந்து செய்த ஆய்வு 1987இல் சென்னையில் நூலாக வந்தது.

இந்திரபாலா 1965இல் இலண்டனில் எழுதிய கலாநிதி ஆய்வேடு, இலங்கையில் தமிழரின் ஆரம்பக் குடியேற்றங்களைப் பற்றியது. அதன் முடிவுகள் ஊரில் பலருக்குக் கசந்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், புதிய சான்றுகளைக் கொண்டு அதே பொருளை முற்றிலும் வேறு சட்டகத்தில் திரும்ப எழுதினார். சிங்களவரும் தமிழரும் பெரும்பாலும் ஒரே ஆதிக் குடிகளிலிருந்து இரு வேறு இனக்குழுக்களாக உருவாகி வந்தனர் என்பது அந்த நூலின் மையம். இரு தரப்புத் தேசியவாதிகளுக்கும் அது முழுத் திருப்தி தராது. நல்ல வரலாற்று நூலுக்கு அதைவிடச் சிறந்த சான்றிதழ் வேண்டியதில்லை. பூநகரி, கட்டுக்கரை என்று ப. புஷ்பரட்ணம் முதலியோர் தொடர்ந்த பணியும், 2024இல் ஆனைக்கோட்டையில் மறுபடி நடந்த அகழாய்வும் இந்த வழியில் வந்தவையே.

ஆனால் ஊர் முழுவதும் பல்கலைக்கழகத்தைத் தன் வாசலில் கண்டது நாடகத்தால்தான். வித்தியானந்தன் பேராதனையில் இருந்த காலத்தில், மட்டக்களப்புக் கூத்தை விடியவிடிய ஆடும் வட்டக் களரியிலிருந்து எடுத்து ஓரிரு மணி நேர மேடைக்கு ஏற்றபடி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ முதலியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றியவர். படிப்பறியாதவர் ஆடுவது என்று நகரத்தார் ஒதுக்கியிருந்த கலைக்குப் பல்கலைக்கழகத்தின் முத்திரை விழுந்தது. அவரோடு ஆடிய மாணவர்களில் ஒருவர் சி. மௌனகுரு. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய அவருடைய கலாநிதிப் பட்டம் யாழ்ப்பாணத்தில் பெற்றது. சிவத்தம்பி தமிழரின் பண்டை நாடகத்தைச் சமூக வரலாறாக ஆராய்ந்தவர். நாடகப் பள்ளி நடத்தி அனுபவம் பெற்ற குழந்தை ம. சண்முகலிங்கம் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் கூட வந்தார். ஆய்வாளர், ஆடுநர், எழுத்தாளர் மூவரும் ஒரே விறாந்தையில் நின்று கதைக்கும் நிலைமை எந்தத் திட்டமும் போட்டு உருவாக்க முடியாதது.

1985இல் இந்தக் கூட்டிலிருந்து ‘மண் சுமந்த மேனியர்’ வந்தது. சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, பல்கலைக்கழக மாணவர் நடித்தார்கள். மண்ணை நம்பி வாழும் எளிய குடும்பங்கள் மீது அடக்குமுறை இறங்குவதே பொருள். கதாநாயகன் என்று ஒருவரும் இல்லை. கூட்டமாக நின்று பாடுவதும் உடல்களை அசைத்துக் காட்சியை உருவாக்குவதும், நாட்டார் பாட்டின் சந்தமும்தான் நாடகத்தை நகர்த்தின. கைலாசபதி கலையரங்கோடு அது நிற்கவில்லை. கிராமம் கிராமமாகப் போனது. திரையோ விலை கொடுத்து வாங்கிய ஒப்பனையோ வேண்டாத வடிவம் என்பதால் பாடசாலை மைதானமும் கோயில் வீதியும் போதுமானதாயிருந்தது. இரவில் வெளியே போக அஞ்சிய காலத்தில் மக்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள் என்பதை ஈழத்து நாடக வரலாறு எழுதியோர் எல்லோரும் பதிவு செய்திருக்கிறார்கள். மௌனகுருவின் ‘சக்தி பிறக்குது’ அடுத்த ஆண்டில் பெண்களின் பிரச்சினையை மேடைக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெரிய வளவில் தனித்துப்போன முதியவர்களைப் பற்றிய ‘எந்தையும் தாயும்’ 1992இல் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளின் கதை அது.

இதைப் படைப்பு என்பதா, ஆய்வு என்பதா? இன்றைய பல்கலைக்கழக அலுவலகம் எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல் திண்டாடும். கூத்தின் அடவையும் ஒப்பாரியின் கட்டமைப்பையும் களத்தில் போய்ப் படித்தவர்களால்தான் அந்த நாடகம் எழுந்தது. அது நடந்த ஊர்களில் கிடைத்த எதிர்வினைகளே பிறகு அரங்கியல் பாடத்துக்குப் பொருளாயின.

பெண்களின் எழுத்தும் இதே காலத்தில் வெளிப்பட்டது. விரிவுரையாளர் சித்திரலேகா மௌனகுரு முன்னின்று, பெண்கள் ஆய்வு வட்டத்தின் வெளியீடாக 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். பத்துப் பெண்களின் கவிதைகள். அதற்கு முந்திய ஆண்டு வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பின் தொகுப்பாளர்களில் ஒருவரான சேரனும் யாழ். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவர்தான். ஈழத்துக் கவிதையின் புதிய குரல் என்று தமிழ்நாட்டில் கொண்டாடப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த வளாகத்தின் சுற்றுவட்டாரத்தில் பிறந்தது.

அந்தக் குரல்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘சொல்லாத சேதிகள்’ கவிஞர்களில் ஒருவரான சிவரமணி, 1991 மே மாதம் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சியவற்றைச் சித்திரலேகா தொகுத்து வெளியிட்டார். நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த, ‘தோழி’ இதழை நடத்திய செல்வி அதே ஆண்டு ஓகஸ்டில் விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அனைத்துலக பென் அமைப்பின் அமெரிக்கக் கிளை அவருக்கு விருது கொடுத்தது. வாங்க அவர் இல்லை.

மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி மாலை சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. புலிகளே பொறுப்பு என்று அவருடைய சகாக்கள் எழுதினார்கள். அவர் உட்பட நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ 1990இல் வெளிவந்தது. அந்த நால்வர் யார் என்று கவனிக்க வேண்டும். ராஜினி உடற்கூற்றியல். தயா சோமசுந்தரம் உளமருத்துவம். ராஜன் ஹூலும் கே. ஸ்ரீதரனும் கணிதம். சமூகவியலாளரோ அரசறிவியலாளரோ ஒருவரும் இல்லை. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் பல்கலைக்கழக மைதானத்திலேயே ஹெலிகொப்டரில் படையை இறக்கியது. தொடர்ந்து நடந்தவற்றை ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கேட்டு, பெயர், நாள், இடத்தோடு எழுதியவர்கள் இவர்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பின் அறிக்கைகள் அதிலிருந்து கிளைத்தவை. எல்லாத் தரப்பின் குற்றங்களையும் அவை எழுதின. அதனால் எழுதியோர் யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமற் போயிற்று. அவர்களின் அரசியல் முடிவுகளோடு உடன்படாதோர் உண்டு. சாட்சியத்தைச் சரிபார்க்கும் ஒழுக்கத்தில் அவர்களுக்கு நிகராக அந்தக் காலத்தில் எழுதியோர் குறைவு என்பதே என் எண்ணம்.

தயா சோமசுந்தரத்தின் பணி இன்னொரு வழியில் போனது. போரால் அடிபட்டவர்கள் அவரிடம் வந்து மனம் சரியில்லை என்று சொல்லவில்லை. தலையிடி, நெஞ்சு எரிவு, உடம்பு முழுக்க உளைவு என்றே சொன்னார்கள். மேற்கத்தியக் கேள்விக்கொத்தை வைத்து ஒவ்வொருவராக அளந்தால் பாதி தவறிப்போகும் என்று கண்டார். 1998இல் வந்த ‘வடுப்பட்ட மனங்கள்’ பற்றிய அவருடைய ஆங்கில நூல், பிறகு 2007இல் எழுதிய கூட்டு மனவடு பற்றிய கட்டுரை ஆகியவற்றின் வாதம் இதுதான்: இங்கே காயப்பட்டிருப்பது தனி ஆள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் அவற்றுக்கிடையிலான நம்பிக்கையும். ஆகவே சிகிச்சையும் குடும்பத்தையும் கோயிலையும் சடங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலேயே உள்ள மூச்சுப் பயிற்சி, ஜெபம், செத்த வீட்டுச் சடங்கு, ஒப்பாரி எல்லாம் அவருக்கு மருந்துப் பெட்டியின் பகுதி. சண்முகலிங்கத்தின் நாடகங்களும் மனவடுவைப் பேசிய காலம் அது. மருத்துவ பீடத்துக்கும் நுண்கலைத் துறைக்கும் இடையில் நடைதூரம் அதிகமில்லை.

இவையெல்லாம் மின்சாரம் இல்லாத ஊரில் நடந்தவை. 1990 யூன் தொடக்கம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சையும் மண்ணெண்ணெயையும் விட்டு ஒரு திரியை ஏற்றி அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை அது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் அ. துரைராஜா. மண் பொறியியலில் ஓர் அடிப்படைக் கோட்பாட்டை வகுத்த 1963ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் கட்டுரையில் றோஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு மூன்றாவது பெயராக வருபவர். உலகில் எங்கும் வேலை கிடைத்திருக்கும் அவர், 1994 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் பெயர்ந்தது. மறு ஆண்டு திரும்பி வந்து கதவைத் திறந்தது.

இயற்கை அறிவியலில் ஊர்க் கேள்விக்கு என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு ஒரு நுளம்புக் கதை சொல்ல வேண்டும். டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்று பாடப்புத்தகம் சொல்லும்; சுகாதாரப் பரிசோதகரும் அதையே சொல்லுவார். பூச்சட்டி, சிரட்டை, டயர், கூரைப் பீலி என்று தேடி அழிப்பது அதனால்தான். விலங்கியல் துறையின் சி.நோ. சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் கூட்டாளிகளும் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் தேடியபோது, உப்புத் தன்மையுள்ள தண்ணீரிலும் குடம்பிகளைக் கண்டார்கள். கைவிட்ட மீன்பிடி வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், வீசியெறிந்த பிளாஸ்ரிக், கண்ணாடிப் போத்தல்கள் எல்லாவற்றிலும் அவை இருந்தன. ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு வரை உப்புள்ள நீர். 2011இல் அந்த முடிவு அனைத்துலக ஆய்விதழில் வந்தது. கடல்மட்டம் உயர்ந்து கரையோர நிலத்தடி நீர் உவராகும் உலகில் டெங்கு எங்கே பெருகும் என்பதற்கு இது நேரடித் தொடர்புடைய கண்டுபிடிப்பு. போரில் கைவிடப்பட்ட கிணறுகளும் வள்ளங்களும் நிறைந்த ஒரு கரையில் இருந்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. உலக ஆய்வுக்கு உள்ளூரால் கொடுக்க முடிவது இத்தகையதுதான்.

கிணற்றுத் தண்ணீர் இன்னொரு பெரிய கேள்வி. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கிடையே தேங்கும் மழைநீரே குடிநீர், பயிர்நீர் எல்லாம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரம் நீரோடு இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கே வருகிறது. மலக்குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிறு வளவுகளில் நிலைமை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டும் கிணறுகள் எண்பதுகள் முதலே ஆய்வாளர் கண்ணில் பட்டு வருகின்றன. 2014, 2015 அளவில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் தெரிந்தபோது ஆளுக்கொரு அறிக்கை வந்தது. குடிக்கலாமா கூடாதா என்று ஊரவர் கேட்டதற்கு ஒரே குரலில் விடை கிடைக்கவில்லை. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. விஞ்ஞானிகளின் வாயிலிருந்து வரவேண்டிய தெளிவு நீதிமன்றத்திலிருந்து வந்தது, விஞ்ஞானத்துக்குப் பெருமை தரும் நிகழ்வில்லை.

இனி, கேட்கப்படாத கேள்விகள். முதலாவது சாதி. கைலாசபதி காலத்து இடதுசாரிகள் தீண்டாமைக்கு எதிரான போராட்டங்களோடு நின்றவர்கள். ஆனால் யாழ்ப்பாணச் சாதியமைப்பை நேருக்கு நேர் ஆராயும் ஒரு பெரும் மரபு இந்தப் பல்கலைக்கழகத்தில் வேரூன்றவில்லை. வலிகாமத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி என்பதை 2009இல் எடுத்துக்காட்டிய நூல், பேராதனைச் சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வாவும் தமிழ் ஆய்வாளர் சிலரும் சேர்ந்து எழுதியது. காணிச் சொந்தம் உள்ளவர்கள் வெளியேறி வேறிடத்தில் காணி வாங்கினார்கள். இல்லாதவர்கள் முகாமில் தங்கினார்கள். வளாகத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் நடந்தது இது. இரண்டாவது, 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டது. அந்த மக்களின் வரலாற்றை எழுதும் கடமையில் பல்கலைக்கழகம் கணிசமாகப் பின்தங்கிவிட்டது. நுஃமான் போன்ற ஒருவர் அங்கிருந்து போய்விட்ட பின் அந்தக் கதிரை நிரம்பவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களைப் போலவே இங்கும் அது ஓயவில்லை. சமத்துவம் பேசிய நாடகங்களைப் போட்ட வளாகத்தில் முதலாண்டுப் பிள்ளையை முழந்தாளில் இருத்துவது சிரிக்கவும் முடியாத முரண்.

கிழக்கோடு ஒப்பிட்டால் இன்னொன்று தெரியும். வந்தாறுமூலையில் 1986இல் உருவான கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மௌனகுரு போய்ச் சேர்ந்தபின் கூத்து மறுபடி பல்கலைக்கழகத்தின் நடுவுக்கு வந்தது. அவருடைய செம்மைப்படுத்திய மேடைக் கூத்துக்கு எதிர்வாதம் வைத்தவர் அங்கேயே கற்பித்த சி. ஜெயசங்கர். கூத்தைக் களரியிலிருந்து பிரிக்கக் கூடாது, ஊராரோடு சேர்ந்து ஊராரின் முடிவில் அது மாற வேண்டும் என்று சீலாமுனைக் கிராமத்தில் வேலை செய்தார். சாதியையும் பெண்ணையும் இழிவாகக் காட்டும் கூத்துப் பகுதிகளை ஆடுகிறவர்களே விவாதித்துத் திருத்தினார்கள். கூத்து யாருடையது என்ற அந்தச் சண்டை ஈழத்துக் கலை ஆய்வில் மிகவும் பயனுள்ள சண்டை. யாழ்ப்பாணத்தில் அண்மைக் காலத்தில் அப்படியொரு சண்டை நடப்பதாகக் காணோம். நடக்க வேண்டும்.

2009க்குப் பின் வளாகத்தின் முகம் மாறிவிட்டது. விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம். சிங்கள மாணவர் பெருந்தொகையாக வந்திருக்கிறார்கள். 2016 யூலை 16இல் விஞ்ஞான பீட வரவேற்பு விழாவில் கண்டிய நடனம் சேர்ப்பதா என்ற தகராறு கைகலப்பாகியது. பல்கலைக்கழகமே மூடப்பட்டது. எந்தக் கலையை யார் வாசலில் வரவேற்பது என்பது வெறும் விழா ஒழுங்குக் கேள்வியாயிருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிராது. 2021 ஜனவரி 8 இரவு, வளாகத்துள் மாணவர் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இயந்திரம் கொண்டு இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தனர். மூன்றாம் நாள் விடிகாலையில் துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் நாட்டி, கஞ்சி கொடுத்து நோன்பை முடித்துவைத்தார். ஊர் அன்று கடையடைப்பில் இருந்தது. நினைவுகூரல் என்பது இங்கே இன்னும் முடிவாகாத வழக்கு.

அந்த வழக்குக்கு ஒரு கலைஞர் கொடுத்த விடையை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. நுண்கலைத் துறை ஆசிரியரும் ஓவியருமான தா. சனாதனன் இடம்பெயர்ந்த மக்களிடம் போய், இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். கிணறு இங்கே, மாமரம் அங்கே, சாமியறை, குசினி என்று அவர்கள் கீறினார்கள். கோடு கோணலாகவே இருக்கும். கிணற்றை வீட்டை விடப் பெரிதாகப் போட்டிருப்பார் ஒருவர். அந்தக் கீறலை வைத்துக் கட்டடக் கலைஞர் முறையான வரைபடம் போட்டார். பிறகு சனாதனன் தன் ஓவியத்தைச் சேர்த்தார். அவரவர் சொன்ன வார்த்தைகளோடு 2011இல் ‘முடிவுறாத தோம்பு’ என்ற நூலாக அது வந்தது. தோற்றத்தில் காணிக் கந்தோர்க் கோப்பு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணி விபரம் எழுதி வைத்த பதிவேடுதான் தோம்பு. உறுதி எரிந்துபோன மக்களுக்கு நினைவையே உறுதியாக எழுதிக் கொடுத்த அந்த நூல் கலையா, வாய்மொழி வரலாறா, சமூகவியலா என்று பிரிக்க முடியாது. எண்பதுகளின் நாடகக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வேலை அது.

இத்தகைய வேலை இனியும் வருமா? பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டம், அட்டவணைப்படுத்தப்பட்ட ஆங்கில ஆய்விதழில் வரும் கட்டுரையைத் தூக்கிப் பிடிக்கிறது. விஞ்ஞானிக்கு அது பொருந்தும்; சுரேந்திரன் போன்றோர் அந்தத் தளத்திலேயே ஊரின் கேள்வியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழில் ஊராருக்காக எழுதும் வரலாற்றாசிரியருக்கும், கிராமத்தில் ஆறு மாதம் ஒத்திகை நடத்தும் நாடகக்காரருக்கும் அது ஒன்றும் தராது. ‘மண் சுமந்த மேனியர்’ இன்று ஒரு இளம் விரிவுரையாளர் செய்தால் அவருடைய கோப்பில் அரைப் புள்ளி ஏறுமா என்பது சந்தேகம். இளையோர் பலர் கெட்டிக்காரர். குறை அவர்களிடம் இல்லை. எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அதைத்தான் அவர்கள் செய்வார்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிறப்புக் கற்கையில் இறுதியாண்டு மாணவர் எழுதும் ஆய்வேடுகள் ஊர்களைப் பற்றியவை: ஒரு கோயிலின் திருவிழா, ஒரு கரையின் மீன்பிடி, ஒரு குளத்தின் நிர்வாகம், ஒரு அண்ணாவியாரின் ஏடு. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்த இந்த எழுத்து, வடபகுதியைப் பற்றிய மிகப் பெரிய தகவல் களஞ்சியம். புள்ளி இடப்பட்டதோடு பெரும்பாலும் துறை அலுமாரிக்குள் அடங்கிவிடுகிறது. 2005இல் ஒரு சில தன்னார்வலர் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு அதைவிட ஆளும் பணமும் உண்டு. முதலில் ஒவ்வொரு துறையும் தன் ஆய்வேடுகளின் பட்டியலையாவது ஆண்டு, ஊர், பொருள் வாரியாக வெளியிடட்டும். படித்துப் பட்டம் வாங்கிப் போனவர்கள், கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ இருந்தாலும், தங்கள் கைப்பிரதியைத் தேடி எடுத்துத் துறைக்கு ஒரு படி அனுப்பி வைக்கட்டும்.